கொண்டை ஊசி இல்லாத மெஷின்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

அன்று நீங்கள் கிளம்பும்போது நான் சொல்லாமல் விட்டவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். "போகாதீங்க" என்று சொல்லவில்லை. "வானம் இருட்டுது, குடையை எடுத்துக்கோங்க" என்றும் சொல்லவில்லை. நீங்கள் திருப்புளியை எடுத்து குஞ்சத்துக்கு வளையம் போடும் இரட்டைக் கம்பியை, அதான் நம் கொண்டை ஊசியை, மெஷினிலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டபோது, திருகாணி உருண்டு மேசைக்கு அடியில் ஓடியதைப் பார்த்தேன். அதையும் சொல்லவில்லை.

"வீட்டுலதானே இருந்தே, உனக்குமா தெரியலை?" என்று என்னைக் கேட்டீர்கள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், அண்ணி. கீழே அண்ணன் சீட்டியடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் சீட்டியடித்துக்கொண்டேதான் குஞ்சத்தை வெட்டினான் என்று அப்போது சொல்லியிருந்தால், எரிகிற நெருப்பில் நான் எண்ணெய் ஊற்றியதாக ஆகியிருக்கும். ஆனால் அவன் சீட்டியடிப்பது எப்போது என்று உங்களுக்குத் தெரியும். யாருக்காவது எதையாவது தெரியாமல் செய்துவைத்து மகிழ்விக்கப்போகிறோம் என்று அவன் நினைக்கும்போதுதான்.

இப்போது அவன் சொல்லும் கதை இது. நாடக அரங்கின் முன்திரைக்காக நீங்கள் ஒரு வாரம் குனிந்த தலை நிமிராமல் தைத்த தங்கநிறக் குஞ்சம், மேசையின் இடது பக்கம் சுருட்டி வைக்கப்பட்டிருந்ததாம். இடது பக்கம் இருந்தால் வெட்ட வேண்டியது, வலது பக்கம் இருந்தால் முடிந்தது. இதுதானே நம் தையல் கடைச் சட்டம். குஞ்சத்தில் வரிசையாக வளையங்கள் தொங்கின. "பாவம், வெட்ட நேரமில்லாம வச்சிருக்கா. நாம முடிச்சு வச்சா சந்தோஷப்படுவா" என்று நினைத்தானாம். ஒரு வளையம் விடாமல் எல்லாவற்றின் வயிற்றையும் கத்திரித்துவிட்டான்.

உங்கள் முகத்தைப் பார்த்த பிறகும் அவனுக்குப் புரியவில்லை. "இப்பத்தான் முடிஞ்ச மாதிரி இருக்கு" என்று அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் திரும்ப எழுதியிருக்கக்கூடாது. எழுதிவிட்டேன். மையில் எழுதுவதில் இதுதான் தொல்லை.

திருகாணியை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 7

அன்புள்ள வாயில்லாப்பூச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் கூப்பிடாதே, எழுதவே செய். நீ போனில் பேசினால் பின்னால் நின்று "அதைச் சொல்லு, இதைச் சொல்லு" என்று உன் அண்ணன் கிசுகிசுப்பது இங்கே அம்மாவுக்குக்கூடக் கேட்கிறது. அவளுக்கு ஒரு காது மந்தம்.

சீட்டியடித்தாரா? நன்றாக இருக்கிறது. அடுத்த முறை வீட்டுக்குத் தீ வைக்கும்போது பாட்டும் பாடச் சொல்.

ஒன்று கேட்கிறேன், நீயே சொல். அந்த அரங்க மேலாளர் நம் கடைக்கு வந்து என்ன சொன்னார்? பழைய திரையில் வெட்டிய குஞ்சம் இருந்தது, அதிலிருந்து பஞ்சு உதிர்ந்தது, செத்துக் கிடக்க வேண்டிய கதாநாயகன் மூன்று முறை தும்மினான் என்று சொன்னாரா இல்லையா? சொன்னது மட்டுமா? நம் கடைத் தரையில் படுத்து, செத்து, தும்மியும் காட்டினார். "வளையம் வளையமாவே இருக்கணும்மா, ஒரு நூல் உதிரக்கூடாது" என்றார். உன் அண்ணன் எனக்கு எதிரில் நின்று பெரிய மனிதர்போல் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலை எதற்கு ஆடியது?

நான் சுருளை வலது பக்கம்தான் வைத்தேன். சத்தியமாக வலது பக்கம்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. எத்தனை நாள் இருப்பாய் என்று அம்மா கேட்கவில்லை. "தலையணை உறை ரெண்டுதான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கொண்டை ஊசியின் இரண்டு கம்பிகளிலும் கம்பளி நூலைச் சுற்றுகிறேன். சுற்றி என்ன செய்ய? கம்பிகளுக்கு நடுவே ஒரு தையல் ஓடினால்தான் அது குஞ்சம். இங்கே மெஷின் இல்லை. உருவினால் பொலபொலவென்று வெறும் நூலாக மடியில் விழுகிறது. மறுபடி சுற்றுகிறேன். அம்மா பார்த்துவிட்டு, "எதுக்குடி இந்தப் பொழப்பு?" என்றாள். கம்பளியைக் கேட்டாளா வேறு எதையாவது கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை.

நீ வாசித்துக்கொண்டிருந்த நாவலில் அந்தக் கப்பல் கரை சேர்ந்ததா? தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை. சும்மா கேட்டேன்.

அண்ணி


மார்ச் 10

அன்புள்ள அண்ணிக்கு,

கப்பல் நடுக்கடலில் நிற்கிறது. நீங்கள் தைக்கும் சத்தம் இல்லாமல் எனக்குச் சத்தமாக வாசிக்க வரவில்லை. மனத்துக்குள் வாசித்துத் தெரிந்துகொள்வது உங்களுக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது. பயணிகள் எல்லோரும் குடிநீருக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார்கள். என்னால் ஆவது ஒன்றுமில்லை.

அரங்க மேலாளர் நேற்று வந்தார். முன்திரைக்கான மெரூன் வெல்வெட்டைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு கேட்டார்:

"குஞ்சம் எங்கே?"

"முடிஞ்சிருச்சு சார்" என்று அண்ணன் எடுத்து நீட்டினான். அவனுக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

அவர் அதை மூக்குக்கு அருகே கொண்டுபோனார். கண்களை மூடினார். தும்மினார். கைக்குட்டையை எடுத்தார், இன்னொரு முறை தும்மினார்.

"இதை யாரு வெட்டினது?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"இருபத்தெட்டாம் தேதி நாடகம். அன்னிக்குத் திரை மேல ஏறியாகணும். வளையத்தோட. இல்லைன்னா சொல்லிடுங்க, பெரிய கடைக்குப் போயிடறேன். பக்கத் திரை, நாற்காலி உறை எல்லாம் அங்கேயே போயிடும். அப்புறம் என்மேல வருத்தப்படக்கூடாது." கதவு வரை போய்த் திரும்பி, "அந்த அம்மா எங்கே? அவங்க இருந்தா இப்படி ஆகியிருக்காதே" என்றார்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அன்று மாலையே, "என்ன பெரிய கொண்டை ஊசி, நானே ஒண்ணு பண்றேன்" என்று உட்கார்ந்தான். குடைக்கம்பி ஒன்றை முறித்து வளைத்தான். எந்தக் குடை என்பதை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். நூலைச் சுற்றி மெஷினில் கொடுத்து மிதித்தான். ஒரு வளையம் விரல் அளவு, அடுத்தது முழங்கை அளவு, அதற்கடுத்தது கண்ணுக்கே தெரியவில்லை. கடைசியில் மெஷினை விட்டு எழுந்தான். மெஷின் அவனை விடவில்லை. சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்திருந்தான். நான்தான் பிரித்துவிட்டேன். பிரிக்கும்போது, "சிரிக்காதே" என்றான். நான் சிரிக்கவில்லை, அண்ணி. சிரிப்பதற்கு நீங்களும் இருக்க வேண்டும்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 13

வாயில்லாப்பூச்சிக்கு,

என் குடை. நீ எழுத வேண்டியதில்லை. நான் கிளம்பிய அன்று தெருமுனை வருவதற்குள் தொப்பலாக நனைந்தேன். குடை அங்கேதானே இருக்கிறது, பத்திரமாக இருக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

குடைக்கம்பியில் செய்தால் வளையம் அப்படித்தான் வரும். இரண்டு கம்பிக்கும் இடைவெளி கடைசிவரை ஒன்றுபோல் இருக்க வேண்டும். நூலை இறுக்கிச் சுற்றக்கூடாது, தொளதொளவென்றும் விடக்கூடாது. நாடாவை அடியில் கொடுத்து, நடுவில் தைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கருவியைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். இதையெல்லாம் அவருக்குச் சொல்லித் தர நான் எழுதவில்லை. சொன்னாலும் அவர் கேட்கப்போவதில்லை. அவர் வெட்டுகிற மனிதர். கையில் கத்திரி இருந்தால் உலகத்தில் இருப்பதெல்லாம் அவருக்குப் பாதி வேலை.

அந்த மேலாளர் என்னை விசாரித்தாரா? சரி.

நான் வலது பக்கம் வைத்தேன் என்றால் வலது பக்கம்தான். மெஷினுக்கு இந்தப் பக்கம் நின்று, வலது கையால், வலது பக்கம் வைத்தேன். கையைக்கூட நினைவு வைத்திருக்கிறேன். அவர் இடது என்று சாதித்தால் அவர் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்.

அண்ணி


மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடையை மூடியபின் நான் ஒரு நாடகம் நடத்தினேன். உங்கள் இடத்தில் நின்று, பழைய துணிச்சுருள் ஒன்றை வலது கையால் வலது பக்கம் வைத்தேன். பிறகு அண்ணன் நிற்கும் இடத்துக்குப் போய் நின்று பார்த்தேன். அது இடது பக்கம் இருந்தது.

இத்தனை வருடமாக மேசை சுவரை ஒட்டிக் கிடந்தது. நீங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்று வேலை செய்தீர்கள். உங்கள் வலதுதான் அவனுக்கும் வலது. வெல்வெட் வந்ததும், விரிக்க இடம் போதவில்லை என்று மேசையை நடு அறைக்கு இழுத்தோம், நினைவிருக்கிறதா? அன்றிலிருந்து அவன் எதிர்ப்பக்கம் நின்றான். நீங்கள் "முடிந்தது" என்று வைத்தது, அவன் நின்ற இடத்திலிருந்து "வெட்டு" என்று இருந்தது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சட்டத்தை மீறியதும் யாருமில்லை. மேசைதான் குற்றவாளி.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். அவன் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று பார்த்தான். "அப்போ அவ சொன்னதும் சரிதானா?" என்றான். "அப்போ வந்துடுவாளா?" என்றான்.

வந்துவிடுவீர்களா, அண்ணி?

உங்கள் நாத்தனார்


மார்ச் 18

அன்புள்ள பூச்சிக்கு,

உன் மூளைக்கு ஒரு முத்தம். ஆனால் இது எனக்கு முன்பே தெரியும். இங்கே வரும் வழியில், பஸ்ஸில் எதிர் இருக்கையில் ஒரு அம்மாள் மடியில் பையை மாற்றி மாற்றி வைத்தாள். அவளுக்கு இடம், எனக்கு வலம். உடனே விளங்கிவிட்டது. பாதி வழிதான் வந்திருந்தேன். இறங்கித் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

ஏன் என்று யோசி. இடமோ வலமோ, அது என்னுடைய வேலை. ஒரு வாரம் முதுகு ஒடியத் தைத்தது. மேசையில் எங்கே கிடந்தால் என்ன, நான் அடுத்த அறையில்தானே இருந்தேன்? தலையை நீட்டி "வெட்டட்டுமா?" என்று கேட்டால் வாய் வலிக்குமா? எனக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை என்னைக் கேட்காமல் முடிவு செய்கிற மனிதரோடு எத்தனை மேசையைத் திருப்பிப் போடுவது?

கல்யாணமான புதிதில் என் நீலப் புடவையைச் சோபா உறைக்கு உள்துணியாக வெட்டினார். "நல்ல கனமான துணி" என்று பாராட்டு வேறு. நான் ஆசையாக வளர்த்த கொடியை, ஜன்னலை மறைக்கிறது என்று வெட்டினார். போன வருடம் மாலை நேரத் தையல் வகுப்பு எடுக்கிறேன் என்று பேச ஆரம்பித்தேன், பாதியிலேயே "அதெல்லாம் உனக்குக் கஷ்டம்" என்று முடித்துவைத்தார். எல்லாமே எனக்கு நல்லதுக்குத்தான். ஒன்றில்கூடக் கெட்ட எண்ணம் கிடையாது. அதனால்தான் சண்டை போடக்கூட முடியவில்லை. கெட்டவனாக இருந்தால் நான் எவ்வளவு நிம்மதியாகக் கோபப்பட்டிருப்பேன்!

இதை அவரிடம் காட்டாதே.

அண்ணி


மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கு,

காட்டவில்லை. ஆனால் நான் வாசிக்கும்போது அவன் எதிரில் உட்கார்ந்திருந்தான். என் முகத்தில் என்ன பார்த்தானோ, "என்ன எழுதியிருக்கா?" என்றான்.

"காட்டக்கூடாதுன்னு எழுதியிருக்காங்க."

"ஒரே ஒரு வரி?"

நான் யோசித்தேன். கடிதம் என்பது ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்துவைத்த பொருள் என்று நினைப்பவள் நான். அதனால் கடிதத்தைப் படிக்கவில்லை. "அண்ணிக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வேணும், 'வெட்டட்டுமா'ன்னு" என்று மட்டும் சொன்னேன். இதுவே அதிகம் என்றால் என்னைத் திட்டுங்கள்.

கத்திரியை எண்ணெய்த் துணியால் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான். பிறகு, "அந்த நீலப் புடவை..." என்றான். நான் அதைச் சொல்லவே இல்லை, அண்ணி. அவனாகவே சொன்னான். "அது அவ அம்மா குடுத்ததுல்ல?" என்றான்.

இன்று காலை நான் எழுந்து வந்தபோது மெஷினின் தலையைக் கழற்றிப் போர்வையில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஊசி இங்க வராது. மெஷின் அங்க போகலாம்ல?" என்றான். பிறகு நின்று, என்னைப் பார்த்து, "நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டான்.

இருபத்தாறு வருடத்தில் அவன் என்னிடம் அனுமதி கேட்டது இதுதான் முதல் முறை. "ம்" என்றேன். திருகாணியைத் தாளில் மடித்துக் கொடுத்தேன். பஸ்ஸில் நடத்துனர் போர்வையைப் பார்த்து, "குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம், வழியனுப்பப் போன என்னிடம் ஏறியதுமே ஜன்னல் வழியாகக் கத்திச் சொன்னான்.

இந்தக் கடிதம் வருவதற்குள் அவன் வந்திருப்பான். கடையில் நானும் வெல்வெட்டும் மட்டும் இருக்கிறோம்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 25

அன்புள்ள பூச்சிக்கு,

வந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. வாசலில் போர்வை மூட்டையோடு நின்றுகொண்டு, "உள்ள வரலாமா?" என்றார்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "யாருடி இது, புதுசா இருக்கு?" என்றாள்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது. செருப்பை இங்கே விடலாமா? தண்ணீர் குடிக்கலாமா? மூட்டையை எந்தப் பக்கம் வைக்கட்டும்? இந்த நாற்காலியா, அந்த நாற்காலியா? அம்மாவின் டிவியைப் பார்க்கலாமா? ராத்திரி விளக்கை அணைக்கலாமா என்று கேட்டு, "ம்" சொல்வதற்குள் எனக்குத் தூக்கமே போய்விட்டது. "இதுக்கு அவர் கேக்காம இருந்ததே தேவலையோ?" என்று அம்மா என் காதில் சொன்னாள். "நீ சும்மா இரும்மா, நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

சாப்பாட்டு மேசையில் மெஷினைப் பொருத்தினோம். ஒரே பக்கம் உட்கார்ந்தோம். கொண்டுவந்திருந்த தங்கநிற நூலை அவர் சுற்றினார், மிதி இல்லாததால் நான் கைச்சக்கரத்தைச் சுற்றித் தைத்தேன். முதலில் தூக்குக்கயிறுபோல் இறுக்கினார். பிறகு கைக்குப் பழகிவிட்டது, ஒரு வார வேலை மூன்று நாளில் நகர்ந்தது. நிறையப் பேசவில்லை. நீலப் புடவை எந்த நீலம் என்று கேட்டார். சொன்னேன். சுருள் முடிந்ததும் கடைசி நூல் மிச்சமாக நின்றது. கத்திரியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வெட்டட்டுமா?" என்றார்.

நான் இருந்து, நிதானமாக, நூலைப் பார்த்து, அவரைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, அப்புறம் "வெட்டுங்க" என்றேன். இவ்வளவு சுகமான விஷயத்தை இத்தனை வருடம் எனக்குத் தராமல் வைத்திருந்திருக்கிறார்!

அன்று மாலை, "வீட்டுக்கு வர்றியா?" என்றார்.

"வரலை" என்றேன்.

உனக்குக் கோபம் வரும். எழுதி முடிக்கும்வரை பொறு. எனக்கு அப்போது அவர்மேல் கோபமே இல்லை. பையில் துணியைக்கூட எடுத்து வைத்திருந்தேன். ஆனால் கேட்பது ஒன்று. கேட்டதற்கு "இல்லை" என்று வந்தால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்வது இன்னொன்று. அது இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். வாய் திறந்தது, மூடியது. "சரி" என்றார். "கொண்டை ஊசியைக் குடுக்கறியா?" என்றார். "மாட்டேன்" என்றேன். அதற்கும் "சரி" என்றார். மறுநாள் காலை குஞ்சத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அம்மா என்னைப் பைத்தியம் என்கிறாள்.

வெல்வெட்டில் குஞ்சத்தைப் பொருத்தும்போது ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளித் தைக்கச் சொல். கேட்டால் மட்டும் சொல்.

அண்ணி


மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

கேட்டான். சொன்னேன். ஒரு விரல் உள்ளே தள்ளித் தைத்தான். இரண்டு இடத்தில் கோணல். நீங்கள் பார்த்தால்தான் தெரியும்.

நேற்று திரை ஏறியது. மேலாளர் ஏணியில் நின்று குஞ்சத்தை முகத்தோடு சேர்த்து நீளமாக மூச்சிழுத்தார். நாங்கள் கீழே நின்று அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. "அந்த அம்மா வந்துட்டாங்களா?" என்று மேலேயிருந்தே கேட்டார். "இல்ல சார், இது அவங்க வேலைதான்" என்றான் அண்ணன்.

நாடகம் சுமார். கதாநாயகன் செத்து நெடுநேரம் நன்றாகக் கிடந்தான். திரை இறங்கும்போது வளையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மெல்ல அசைந்து நின்றன. இறந்தவனுக்காக எல்லோரும் கலங்கியிருந்த அந்த அமைதியில் அண்ணன் மட்டும் எழுந்து நின்று கைதட்டினான். முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். உட்காரட்டுமா என்று என்னைக் கேட்டான். உட்காரு என்றேன்.

பக்கத் திரைகளும் நமக்கே என்று மேலாளர் சொல்லிவிட்டார். வளையம் வைத்துத்தான். அண்ணன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றான்.

நீங்கள் "வரலை" என்று சொன்னதை அவன் என்னிடம் சொன்னபோது, நான் உங்கள்மேல் கோபப்படவில்லை. ஒரு நாள் முழுக்கப் பட்டேன், பிறகு இல்லை. கேட்டதும் நீங்கள் வந்திருந்தால், கேட்பது வெறும் சாவியாகிவிடும்; திருகினால் கதவு திறக்கும் என்று அவன் கற்றுக்கொண்டிருப்பான். இது எனக்கு இரண்டாம் நாள்தான் புரிந்தது.

வாருங்கள் என்று எழுதத்தான் தாளை எடுத்தேன். ஏற்கெனவே நான் ஒரு முறை கேட்டாயிற்று, அவனும் கேட்டாயிற்று. மறுபடி கேட்டால் இரண்டு பேர் சேர்ந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். அதனால் இந்த முறை கேட்கவில்லை.

உங்கள் நாத்தனார்


இந்தக் கடிதத்தை நான் தபாலில் சேர்க்கவில்லை. மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தபோது, அண்ணி பையோடு படியேறி வந்துகொண்டிருந்தார். யாரும் அழைக்கவில்லை.